நான் இல்லாத குரூப்

தொலைக்கல்விக்குப் புதிதாக வரும் இளம் டியூட்டர்கள் என்னிடம் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பார்கள். "மிஸ், ஒன்லைனில குரூப் வேலை குடுத்தா ஒருத்தரும் வாய் திறக்கினமில்லை. நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?"

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. எனக்கு நடந்ததை எழுதுகிறேன். இதை எழுதுவது ஒரு பொறாமைக்காரி. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்த வருடத்தோடு வேலையிலிருந்து விலகுகிறேன். இனி நல்ல பெயர் எடுத்து என்ன செய்யப் போகிறேன்?

1. கறுப்புச் சதுரங்கள்

முன்பள்ளி ஆசிரியர் டிப்ளோமாவின் தமிழ் மொழி வகுப்பைப் பல வருடங்கள் கொள்ளுப்பிட்டியில், எங்கள் நிறுவனத்தின் மேல்மாடி அறையில் நடத்தினேன். பாடம் வீட்டுக்குத் தபாலில் போகும். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நேரில் வகுப்பு. மாணவிகள் சாப்பாட்டுப் பார்சலோடு வருவார்கள். இடைவேளையில் பார்சல்களைப் பிரித்து ஒன்றாகக் கலந்து சாப்பிடுவார்கள், எனக்கும் ஒரு பங்கு வரும். அவர்கள் போடும் சத்தத்தில் கீழ்மாடியிலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டும். அந்தச் சத்தத்தில் எனக்கு ஒரு பெருமை.

பிறகு எல்லாம் ஒன்லைன் ஆனது. பஸ் செலவு மிச்சம் என்று மாணவிகள் விரும்பினார்கள். அறை மிச்சம் என்று நிறுவனம் விரும்பியது. என்னை ஒருத்தரும் கேட்கவில்லை.

முதல் நாள் வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட்டின் சாப்பாட்டு மேசையில், இரண்டு பிஸ்கட் டின்களின் மேல் லப்டொப்பை வைத்து, நல்ல சேலையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் ஒரு முகமும் இல்லை. கறுப்புச் சதுரங்கள், அவற்றில் பெயர்கள். அரைமணி நேரம் பாடம் சொல்லிவிட்டு, "விளங்குதா பிள்ளையள்?" என்று கேட்டேன். பதில் இல்லை. கடற்கரை ஓரமாக ஒரு ரயில் வந்து, முழுதாகப் போய் முடிந்தது. அப்போதும் பதில் இல்லை. யாருடைய வீட்டிலோ குக்கர் விசிலடித்தது.

"ஆரோ ஒராளின்ர வீட்டில குக்கர் கூவுது. மைக்கை மியூட் பண்ணுங்கோ பிள்ளையள்" என்றேன்.

உடனே எல்லா மைக்கும் மியூட் ஆனது. சாட்டில் ஒன்றன் கீழ் ஒன்றாக 'ஓம் மிஸ்', 'ஓம் மிஸ்', 'ஓம் மிஸ்' என்று வந்தது. அடுத்த பல வாரங்களுக்கு அவர்களிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த இரண்டு சொற்கள்தான்.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் பாவனை விளையாட்டு. சின்னப் பிள்ளைகள் பொம்மைக்குச் சோறு தீத்துவது, கடை வைப்பது, டொக்டராகி ஊசி போடுவது. அதில் டீச்சர் விளையாட்டு என்று ஒன்று உண்டு. ஒரு பிள்ளை டீச்சரின் குரலில் பேசி, டீச்சரைப் போலக் கையை ஆட்டி, மற்றப் பிள்ளைகளை ஏசும். "அப்படி உங்களை நடிச்சுக் காட்டினா ஏசக்கூடாது பிள்ளையள். பிள்ளை உங்களை எவ்வளவு வடிவாப் பாத்து வைச்சிருக்குது எண்டதை அதில பாக்கலாம்" என்று அந்தப் பாடம் எடுத்த அன்று உருகி உருகிச் சொன்னேன். மேல்மாடி அறையில் இதைச் சொன்னால் ஆளுக்கு ஒரு கதை கொண்டு வருவார்கள். இங்கே, 'ஓம் மிஸ்'.

2. கூட்டாஞ்சோறு

அந்தப் பாடத்துக்குத்தான் குரூப் வேலை. மழை நாளில் வகுப்புக்குள்ளேயே வைத்துச் செய்யும் பாவனை விளையாட்டுகளுக்கு ஒரு திட்டம் தயாரிக்க வேண்டும். எனக்குப் பொறுப்பானது மூன்றாம் குரூப். அதில் இரண்டு பேரை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும்.

ஒருத்தி கலைவாணி. முகத்துவாரத்தில் ஒரு முன்பள்ளியில் உதவியாளர். பிள்ளைகளின் கோப்பை கழுவுவாள், மூக்கு துடைப்பாள், டீச்சர் வராத நாளில் வகுப்பையும் பார்ப்பாள். தை மாதத்துக்குள் டிப்ளோமா முடித்தால் வகுப்பு அவளுக்கு, இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுப்போம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. விண்ணப்பத்தோடு வந்த நாளில் அவளே என்னிடம் சொன்னது இது. "மிஸ், எனக்கு இது பாஸாகியே ஆகணும். கோப்பை கழுவிக் கழுவிக் கை ஓஞ்சு போச்சு" என்றாள். வகுப்பு தொடங்கிய பிறகு அவள் குரலை நான் கேட்கவே இல்லை.

மற்றவள் ரிஸ்னா. கொட்டாஞ்சேனையில் தன் வீட்டு முன்னறையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு வைத்திருப்பவள். இரண்டு பிள்ளைகளின் தாய். அவளும் 'ஓம் மிஸ்' ரகம்தான்.

ஒரு வகுப்பில் கலைவாணியிடம், அதுவரை எழுதியதைத் திரையில் காட்டச் சொன்னேன். அவள் போனிலிருந்து ஸ்கிரீன் ஷெயார் பண்ணினாள். திட்டத்தின் முதல் பக்கம் வந்தது. அதன் தலைமாட்டில் டொக், டொக் என்று வட்ஸ்அப் மெசேஜ்கள் விழத் தொடங்கின. குரூப்பின் பெயர் 'கூட்டாஞ்சோறு'. ரிஸ்னா ஒரு வொய்ஸ் அனுப்பியிருந்தாள். அதன் பின்னால் கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்தன. 'அக்கா இன்னொருக்கா போடுங்க' என்று ஒருத்தி. 'பஸ்ஸில சிரிச்சு எல்லாரும் பாக்கிறாங்க' என்று இன்னொருத்தி. எல்லோரும் என் வகுப்பில் இருந்தவர்கள். அந்த நிமிடத்திலும் என் திரையில் மியூட்டில் இருந்தவர்கள்.

கலைவாணி பதறிப்போய் ஷெயாரை நிறுத்தினாள். நான் ஒன்றும் பார்க்காதவள் போல மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன்.

என் வயிறு எரிந்தது. அதற்கு வேறு சொல் தேடத் தேவையில்லை. இத்தனை வருடம் படிப்பித்தவள் நான், பாடத்தை எழுதியவள் நான், சேலை உடுத்திக்கொண்டு சுவரோடு பேசுவது நான். அவர்கள் சிரிப்பதும் கதைப்பதும் ரிஸ்னாவோடு. நான் அறியாத ஒரு மேல்மாடி அறையில் அவர்கள் பார்சல் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பங்கு இல்லை.

3. பூப் படங்கள்

அடுத்த வகுப்பில் சிரித்துக்கொண்டே கேட்டேன். "பிள்ளையள், உங்களிட்ட வட்ஸ்அப் குரூப் ஒண்டு இருக்குதாமே. என்னையும் அதில சேருங்கோவன்."

'ஓம் மிஸ்' என்று வந்தது. அன்றே என்னைச் சேர்த்தும் விட்டார்கள். குரூப்பின் பெயர் 'டிப்ளோமா குரூப் 3 வித் மிஸ்'.

விடிந்தால் ரோஜாப்பூப் படம், 'குட் மோர்னிங் மிஸ்'. வெள்ளிக்கிழமை ஜும்மா வாழ்த்து, பௌர்ணமிப் போயா தினத்துக்குத் தாமரைப்பூ. நான் ஒரு கேள்வி கேட்டால் 'நோட்டட் மிஸ்'. என் பிறந்தநாளுக்குக் கேக் படம், அதுவும் ஆளுக்கொரு கேக். பாடத்தைப் பற்றி ஒரு மூச்சு இல்லை. என்னை உட்கார வைக்க ஒரு முன்னறை கட்டியிருந்தார்கள். சமையல் பின்னால் வேறு வீட்டில் நடந்தது.

பொறுக்க முடியாமல் ரிஸ்னாவுக்குப் போன் எடுத்தேன்.

"ரிஸ்னா, மறைக்காமச் சொல்லும். அந்தக் கூட்டாஞ்சோறு இன்னும் இருக்குதோ?"

"அது... ஈக்கி மிஸ். சும்மா ஊட்டுக் கததான் கதக்கிற."

"அப்ப என்னையும் அதில போடுமன். எனக்கும் வீடு இருக்குத்தானே."

"ஐயோ மிஸ்" என்றாள். அந்தக் குரலில் பயம் நிஜமாகவே இருந்தது. "நீங்க வந்தா நாங்க எல்லாரும் எழும்பி நிக்கணுமே மிஸ்!"

வட்ஸ்அப்பில் எப்படியடி எழும்பி நிற்பது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு, சமையலறையில் நின்ற என் கணவரிடம், "அப்பிடி என்ன பெரிய சீமாட்டி அவள்!" என்றேன். அவருக்கு யார், எவர் என்று தெரியாது. "ஓமோம்" என்றார். அவரும் அந்த ரகம்.

4. சேர் சொன்ன ஸீரோ

எங்கள் இணையத்தளத்தில் ஒவ்வொரு குரூப்புக்கும் ஃபோரம் என்று ஒரு பக்கம் உண்டு. மாணவர்கள் அதில் எழுதியோ குரல் பதிவு போட்டோ ஒருவரோடொருவர் கலந்துரையாட வேண்டும். குரூப் வேலைக்கான புள்ளியில் பாதி அந்தக் கலந்துரையாடலுக்குத்தான். அது இல்லாவிட்டால் அந்த அலகில் ஃபெயில், அடுத்த வருடம் திரும்ப எடுக்க வேண்டும். இதை நான் தொண்டை வற்ற வற்றச் சொல்லியிருந்தேன்.

ஒருநாள் கோர்டினேட்டர் சேர் கூப்பிட்டார். என்னை விட இளையவர், மரியாதை தெரிந்தவர், விதியில் மட்டும் இரும்பு.

"இஞ்ச பாருங்கோ மிஸ். மூண்டாம் குரூப்பின்ர ஃபோரத்தில உங்கட பேர் மட்டும்தான் கிடக்குது. கேள்வி கேட்டதும் நீங்கள், 'நன்று' எண்டு போட்டதும் நீங்கள். ஆருக்குப் போட்டனீங்கள் நன்று?"

வெட்கமாகப் போய்விட்டது. "அவையள் கதைக்கினம் சேர். வட்ஸ்அப்பில கதைக்கினம்."

"நீங்கள் பாத்தனீங்களோ?"

"இல்லை."

"அப்ப என்னெண்டு புள்ளி போடுறது? திட்டம் நல்லாத்தான் இருக்குது. ஆனா ஒருத்தி செய்து குடுத்திட்டு மற்றவை பேர் போட்டிருக்கலாம். சேர்ந்து செய்ததுக்கு ஆதாரம் வேணும் மிஸ். இல்லாட்டி ஸீரோ."

அன்று பின்னேரம் அவசர வகுப்பு வைத்தேன். நிலைமையைச் சொன்னேன். "ஃபோரத்தில எழுதாததை இனி ஒண்டும் செய்யேலாது. வட்ஸ்அப்பில நீங்கள் கதைச்சதைத் தாருங்கோ. நான் சேரோட கதைக்கிறன்" என்றேன்.

கறுப்புச் சதுரங்கள். பிறகு முதன்முறையாக ஒரு மைக் தானாகத் திறந்தது. ரிஸ்னா.

"வேணாம் மிஸ். அது தர ஏலா. நாங்க அடுத்த வருஷம் திரும்பச் செய்யிறோம்."

ஒரு நிமிடம் கழித்து சாட்டில் 'ஓம் மிஸ்' வந்தது. பிறகு இன்னொன்று, இன்னொன்று. எல்லோரும் சம்மதம். கலைவாணியின் பெயரிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஒரு வருடம் போனாலும் பரவாயில்லை, நான் கேட்கக்கூடாது என்கிறார்களே! அப்படி என்னதான் இருக்கிறது அதில்? என்னைப் பற்றித்தான் இருக்கும், வேறென்ன. நான் மாதக்கணக்காகக் கேட்டும் ஒரு வார்த்தை வரவில்லை. அவள் ஒரு தடவை வாயைத் திறந்தாள், எல்லோரும் வருடத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். ஃபெயிலாகட்டும், எல்லோருமாகச் சேர்ந்து ஃபெயிலாகட்டும், அங்கே போய்க் கூட்டாஞ்சோறு சமைக்கட்டும் என்று நினைத்தேன். கோப்பை கழுவும் அந்தப் பிள்ளையின் நினைப்பு வந்த பிறகுதான் மனம் அடங்கியது.

5. கலைவாணியின் போன்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கதவு மணி அடித்தது. கலைவாணி நின்றாள். முகத்துவாரத்திலிருந்து புறக்கோட்டைக்கு வந்து, அங்கே பஸ் மாறி, வெள்ளவத்தையில் இறங்கி வழி விசாரித்து வந்திருக்கிறாள். உள்ளே வந்தும் உட்காரவில்லை.

"மிஸ், வொய்ஸ் எல்லாம் இந்தப் போன்ல இருக்குங்க. கேட்டுட்டு சார்கிட்டப் பேசுங்க."

"ரிஸ்னாவுக்குத் தெரியுமோ?"

"சொல்லிட்டுத்தான் வந்தேன். அழுதாங்க. பொறகு, 'நீ கொண்டு போ, எனக்காக உன்ட வகுப்பை உடாத'ன்னு சொன்னாங்க." போனை நீட்டினாள். "நீங்க கோவப்படக்கூடாதுங்க மிஸ்."

பட்டனை அழுத்தினாள்.

"பிள்ளையள்! ஆரோ ஒராளின்ர வீட்டில குக்கர் கூவுது. மைக்கை மியூட் பண்ணுங்கோ. பண்ணியாச்சோ? சரி. இப்பச் சொல்லுங்கோ, பொம்மைக்குச் சோறு தீத்துற பிள்ளை என்ன படிக்குது? ஏன் பேசாமக் கிடக்கிறியள்? வாயில என்ன, கொழுக்கட்டையோ?"

என் குரல். என் இழுவை. 'சரி' என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்குவேனே, அதுகூட அப்படியே.

சமையலறையிலிருந்து என் கணவர் சத்தம் போட்டார். "என்னப்பா, ஞாயிற்றுக்கிழமையும் அதுகளை ஏசிறீரே?"

கலைவாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். என் காது சூடாகிவிட்டது. இதற்குத்தான் அந்த மஞ்சள் முகங்கள்! இத்தனை மாதமாக என்னை வைத்துச் சிரித்திருக்கிறார்கள். போனைப் பறித்து எறியலாமா என்று இருந்தது. அதற்குள் அடுத்தது ஓடத் தொடங்கியது.

"மிஸ், மிஸ், நான் சொல்றேன்!" என்று ஒருத்தி. பொம்மைக்குச் சோறு தீத்தும் பிள்ளை தன் தாயைப் படிக்கிறது என்றாள். இல்லை மிஸ், பொறுமையைப் படிக்கிறது என்று இன்னொருத்தி இடையில் விழுந்தாள். தன் மகன் பொம்மையிடம், 'சாப்பிடாட்டி பொலிஸ் வரும்' என்று வெருட்டுகிறானே, அது என்ன படிப்பு என்று மூன்றாமவள் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி என் குரல் வந்தது. "அப்ப அந்தப் பிள்ளையைத் திருத்துறதோ, விடுறதோ? சண்டை பிடியுங்கோ பிள்ளையள், நான் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு இருக்கிறன்."

சண்டை பிடித்தார்கள். திருத்தினால் விளையாட்டு நின்றுவிடும் என்று ஒரு பக்கம், விட்டால் அடுத்த பிள்ளைக்குப் பயம் பிடிக்கும் என்று ஒரு பக்கம். நடுவில் ஒரு மெல்லிய குரல். திருத்தவும் வேண்டாம், விடவும் வேண்டாம், நாமும் ஒரு பொம்மையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, 'என் புள்ளைக்குப் பயமா இருக்காம், கதை சொல்லி ஊட்டுவோமா?' என்று கேட்டால் என்ன என்றது. நிறுத்தாமல், தடுமாறாமல், நெடுநேரம் பேசியது. பேசியவள் என் முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டத்தில் நான் மிகவும் மெச்சிய இடம் அதுதான். அது பிறந்த இடத்தை அன்றுதான் கேட்டேன்.

மேல்மாடி அறையின் சத்தம் முழுவதும் அந்தப் போனுக்குள் இருந்தது. அதை உண்டாக்கியது என் குரல். ஆனால் நான் இல்லை. 'சண்டை பிடியுங்கோ' என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. 'விளங்குதா' என்று மட்டுந்தான் கேட்டிருக்கிறேன். அவளுடைய மிஸ் என்னை விட நல்ல மிஸ். ஒரு மனுஷிக்கு இன்னொருத்தியின் மேல் பொறாமை வரும், அது உலக வழக்கம். எனக்கு என்மேலேயே, இன்னொருத்தி செய்து வைத்திருந்த என்மேலேயே, பொறாமை வந்தது.

"இவ்வளவு கதைக்கிறனீர். ஏன் எனக்கு முன்னால ஒரு சொல்லும் வாறேல்லை?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"நீங்க உண்மையான மிஸ்ஸுங்களே. பிழையாச் சொல்லிட்டா வெக்கமாப் போயிரும்." தலையைக் குனிந்துகொண்டாள். "ரிஸ்னா அக்காவோட மிஸ்ஸுக்கு பிழையாவும் சொல்லலாங்க."

என் முகம் எப்படி இருந்ததோ, அவள் அவசரமாகச் சொன்னாள்:

"ஏசாதீங்க மிஸ். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க, டீச்சர் விளையாட்டு விளையாடுற புள்ளைய ஏசக்கூடாதுன்னு."

கொழுக்கட்டை இப்போது என் வாயில்.

6. வெட்டுவதா, விடுவதா

திங்கட்கிழமை கலைவாணி அனுப்பிய வொய்ஸ்களோடு சேரின் அறைக்குப் போனேன். முதலாவதைப் போட்டேன். சேர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு பெரும்பாடு. பக்கத்து மேசையில் இருந்த டைப்பிஸ்ட் நங்கி ஒரு சிங்களப் பிள்ளை, அவளுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அவள் தலையை நிமிர்த்தி, "அனே, மே அபே மிஸ்னே!" என்றாள். இது எங்கள் மிஸ் அல்லவா என்று மொழி தெரியாதவளுக்கே விளங்கிவிட்டது. அதன் பிறகு சேரால் முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீதியைக் கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. கதிரையை இழுத்து முன்னால் போட்டார். சண்டை பிடித்த இடத்தை இரண்டு தரம் கேட்டார்.

"இதுதான் மிஸ் நாங்கள் கேக்கிறது. மற்ற ஃபோரங்களில 'நானும் உடன்படுகிறேன்' எண்டு எழுதிப்போட்டுப் போறாங்கள். இது உண்மையாக் கதைச்சிருக்கினம்." பிறகு கொஞ்சம் இழுத்தார். "ஆனா ஃபோரத்தில ஏத்தினாத்தான் புள்ளி போடலாம். ஏத்தினா மற்ற டியூட்டர்மார், மற்றக் குரூப்புகள், எல்லாரும் கேப்பினம். உங்களுக்கு அது..."

"தெரியும்."

"ஒண்டு செய்யலாம். அந்தப் பிள்ளை உங்களைப் போலக் கதைக்கிற இடங்களை வெட்டிப்போட்டு மிச்சத்தை ஏத்துவம். மற்றவைக்குப் புள்ளி வரும்."

"ரிஸ்னாவுக்கு?"

"அவவின்ர குரல் இல்லாட்டி அவவுக்குப் போடேலாது. அவ மட்டும் அடுத்த வருஷம் எடுக்கட்டும். தானே கேட்டதுதானே."

உள்ளதைச் சொல்கிறேன், அந்த யோசனை எனக்கு இனித்தது. கலைவாணி பாஸ். மற்றவர்களும் பாஸ். என் மானம் என்னோடு. ரிஸ்னா மட்டும் ஒரு வருடம் என் வகுப்பில், தனியாக, சிரிக்க ஆள் இல்லாமல். அந்தக் காட்சியைக் கண்ணுக்குள் வைத்து நன்றாகப் பார்த்தேன். என்ன சந்தோஷம்!

அப்படியே வொய்ஸ்களை மறுபடி ஓட விட்டேன். அவள் இடங்களைத் தாண்டித் தாண்டிப் போட்டுப் பார்த்தேன். பதில்கள் இருந்தன, கேள்விகள் இல்லை. யாரோடு, எதற்காகக் கதைக்கிறார்கள் என்று விளங்கவில்லை. சிரிப்பு ஒன்று வந்தது, எதற்கென்று தெரியவில்லை. அவளை எடுத்துவிட்டால் அது ஒரு குரூப்பே இல்லை. எனக்குப் பிடிக்காத உண்மைதான். ஆனாலும் நான் டியூட்டர். எது வகுப்பு, எது வகுப்பு இல்லை என்று தெரியாத அளவுக்கு இன்னும் போகவில்லை.

அங்கேயே இருந்து ரிஸ்னாவுக்குப் போன் எடுத்தேன்.

"உம்மட வொய்ஸ் எல்லாத்தையும் ஃபோரத்தில ஏத்தப் போறம். சம்மதமோ?"

"வேணாம் மிஸ்!" அழுகைக் குரல். "உங்கட மரியாத போகும் மிஸ். நான் ஃபெயிலாகிட்டுப் போறேன்."

"என்ர மரியாதையை நான் பாத்துக்கொள்ளுறன். உமக்கு டிப்ளோமா வேணுமோ, வேண்டாமோ?"

பின்னணியில் சின்னப் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது.

"வேணும் மிஸ்."

சேரைப் பார்த்து, "முழுசா ஏத்துங்கோ" என்றேன். "குக்கரும் கொழுக்கட்டையும் எல்லாம் கிடக்கட்டும்."

7. அதன் பிறகு

ஒரு கிழமைக்குள் நிறுவனம் முழுவதும் கேட்டுவிட்டது. லிஃப்டில் கண்டவர்கள், "மிஸ், குக்கர் இறக்கியாச்சோ?" என்று கேட்டார்கள். கிருலப்பனையில் இருக்கும் ஒரு டியூட்டர் போன் எடுத்து, "அந்தப் பிள்ளையை எங்கட குரூப்புக்கும் ஒருநாள் அனுப்பி விடுவீங்களோ? எங்கடதுகளும் வாய் திறக்கட்டும்" என்றார். "அவவுக்கு நேரமில்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவளிடம் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? அவள் என் மாணவி.

இளம் டியூட்டர்களே, நீங்கள் கேட்ட பதில் இதுதான். இப்போதெல்லாம் புதிய பிரிவு தொடங்கும் முதல் நாளில் நான் சொல்வது: "நீங்கள் உங்களுக்குள்ள ஒரு குரூப் வைச்சுக்கொள்ளுங்கோ. என்னைச் சேர்க்கக் கூடாது. சேர்த்தா எழும்பி நிக்க வேண்டி வரும். கிழமைக்கு ஒராள் மிஸ்ஸா இருந்து கேள்வி கேக்கவேணும். கதைச்சதில உங்களுக்கு விருப்பமானதை நீங்களே தெரிஞ்செடுத்து ஃபோரத்தில போடுங்கோ. பிழையாக் கதைச்சதையும் போடலாம்." சில குரூப்புகளில் இது நடக்கிறது, சிலவற்றில் நடப்பதில்லை. நடக்கும் குரூப்பின் பதிவைக் கேட்கும்போது வயிறு எரிய வேண்டும். எரியாவிட்டால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். என் அனுபவத்தில் அதை விட நல்ல அளவுகோல் இல்லை.

சான்றிதழ் கொடுத்த அன்று மூன்றாம் குரூப் முழுவதும் கொள்ளுப்பிட்டி மேல்மாடி அறைக்கு வந்தது. அவர்கள் முகங்களை ஒன்றாகப் பார்த்தது அன்றுதான். கலைவாணி, தை பிறந்ததும் வகுப்பு தனக்குத்தான் என்று நிர்வாகம் எழுதித் தந்ததைச் சொன்னாள். கோப்பை கழுவ வேறு ஆள் எடுக்கிறார்களாம். "கழுவுறவங்களுக்கு கை காஞ்சு போகாம கிரீம் வாங்கிக் குடுக்கணும் மிஸ்" என்றாள்.

ரிஸ்னா எல்லோருக்கும் பின்னால் ஒளிந்து நின்றாள். நான் நினைத்ததை விடச் சின்ன உருவம். இவளைப் பார்த்தா இத்தனை நாள் எரிந்தேன் என்று இருந்தது.

"மன்னிச்சுக்கொள்ளுங்க மிஸ்" என்றாள்.

"அது பிறகு. முதல்ல எனக்கு முன்னால ஒருக்காச் செய்து காட்டும்."

"ஏலா மிஸ்."

"ஊர் முழுக்கக் கேட்டிட்டுது. எனக்கு மட்டும் ஏலாதோ?"

வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. "சத்தியமா வரமாட்டேங்குது மிஸ். நீங்க பாத்துட்டு ஈக்கிறீங்களே."

நான் திரும்பி, முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் குசுகுசுப்பு. யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பிறகு என் குரல் அந்த அறையில் எழுந்தது. நான் பழைய நாட்களில் இங்கே பேசிய அதே குரல்.

"விளங்குதா பிள்ளையள்?"

"விளங்குது மிஸ்!" என்று எல்லோரும் ஒரே வாயாகக் கத்தினார்கள். கீழ்மாடியிலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டியது.

இவர்களிடமிருந்து எனக்கு ஒருநாளும் கிடைக்காத பதில் அது. பொறாமையாகத்தான் இருந்தது. சுவரைப் பார்த்தபடியே நானும், "விளங்குது மிஸ்" என்றேன்.